முதலில் குரல் கொடுத்த சர்வர்

என் மனைவியைப் பற்றி அவள் காதுபட நான் பெருமையாகப் பேசியதே இல்லை. பேசினால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். எழுதினால் ஆபத்தில்லை. நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை.

ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் ஜெராக்ஸ் கடை. அவள் கணினி படித்தவள். ஆனால் கூப்பிட்ட கம்பெனிகளெல்லாம் மலையிறங்கி வரச் சொன்னவை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரே ஒரு வேலை வந்தது. அதற்கு அன்று மதியம் வீடியோவில் நேர்காணல். இதுவும் கைவிட்டுப் போனால், படித்த படிப்புக்கு என் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காலையில் ஒத்திகை பார்க்கலாமென்று கணினியைத் திறந்தோம். நேர்காணல் பக்கம் வரவே இல்லை. பிரவுசர் பழசு, அப்டேட் செய் என்றது. கணினித் திரையைக் காட்டிச் செய்ய வேண்டிய தேர்வும் இருந்ததால் போன் உதவாது. எங்களுடையது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடும் பழைய பெட்டி. இணையமோ ஜன்னல் கம்பியில் கட்டிவைத்த போனிலிருந்து வருகிறது. அப்டேட்டைத் தட்டினேன். சாயங்காலம்வரை ஆகும் என்று காட்டியது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மவுஸைத் தட்டினேன், டவரைத் திட்டினேன், லினக்ஸ் போட்ட என்னையே திட்டிக்கொண்டேன்.

"இன்னாத்துக்குங்க கத்தறீங்க? ஒரே சாமான பல கடையில வெச்சிருக்கான். இந்தக் கடை சரியில்லன்னா வேற கடைக்குப் போலாம்" என்றாள்.

அவள் சொன்னது மிரர் சர்வர்களை. ஒரே மென்பொருளின் நகல்களைப் பல ஊர்களில் வைத்திருப்பார்கள், எங்கிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். "அது எனக்குத் தெரியாதா?" என்று கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். ஒவ்வொரு சர்வருக்கும் பிங் அனுப்பினேன். கூப்பிட்டால் எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்று பார்க்கும் கமாண்ட் அது. சென்னையில் இருந்த சர்வர்தான் முதலில் பதில் சொன்னது. "பாத்தியா, கிட்ட இருக்கறதுதான் வேகம்" என்று அதற்கு மாற்றினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இதே மலையில் பிறந்த நெல்லிவாசல்நாட்டுக்காரி.

"எங்கூர்ல பள்ளத்துக்கு அந்தாண்ட இருக்கறவனக் கூப்டா ஒடனே 'இன்னா'ன்னு குரல் வரும். புளி மூட்டையத் தூக்கினு அவன் எறங்கி ஏறி வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். நீங்க குரல அளந்தீங்க. மூட்டைய இல்ல அளக்கணும்!"

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தாள். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரே சின்னக் கோப்பை இறக்கு, இறங்கியதைத் தூக்கிப்போடு, வேகத்தை மட்டும் சொல், வேகமானதை மேலே வை. அவ்வளவுதான். யப்பா, எவ்வளவு அழகான வரி! பட்டியலில் சிங்கப்பூர் மேலே வந்து நின்றது. சென்னை எங்கோ கீழே கிடந்தது. நானாக இருந்தால் உடனே குதித்திருப்பேன். அவள் நிதானமாக இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் சிங்கப்பூர்தான். அதற்குப் பிறகே முகவரியை மாற்றினாள்.

அப்டேட் மடமடவென்று இறங்கியது. நேர்காணல் பக்கம் திறந்தது. அவளுக்குத் தலைவாரிப் புடவை மாற்றக்கூட நேரம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் அசந்துபோனேன்.

மதியம் அவள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கடைப் பக்கத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். ஜெராக்ஸுக்கு வந்த ஒருவரையும் சைகை காட்டி நிற்க வைத்திருந்தேன். மலைமேல் இருக்கிறீர்களே, கணினி மக்கர் செய்தால் உதவிக்கு யாராவது உண்டா என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். நான் நிமிர்ந்து நின்றேன்.

"யாரும் இல்லைங்க. நானே பாத்துக்குவேன்" என்றாள்.

சுருக்கென்றது. பொய் என்றால் அன்று ராத்திரி சண்டை போட்டிருக்கலாம். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அந்தப் பக்கம் ஏதோ சிரிப்பொலி கேட்டது. பிறகு, எப்போது வேலையில் சேர முடியும் என்று கேட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஜெராக்ஸுக்கு வந்தவர் பதறிப்போய், "இன்னா ஆச்சு?" என்றார்.

"என் பொண்டாட்டிங்க" என்றேன்.