மச்சானுக்குத் தசை சரியில்லை

போன வாரம் பண்டாரவளையில் என் மச்சானைப் பரிசோதித்த டாக்டர் நல்ல செய்தி சொன்னார். கேட்டதும் என் தங்கை மல்லிகா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயாவுக்குத் தசை நல்லாக் கூடியிருக்கு. இப்பிடியே போனால் இதயத்துக்கும் நல்லது." இவ்வளவுதான் அவர் சொன்னது. யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. ஊசி போட்டு எத்தனையோ பேரை அழ வைத்திருப்பார்... நல்ல செய்தி சொல்லி அழ வைத்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வெளியே வந்து கேட்டேன். "ஏம்மா அழுற?"

"கூடிருச்சுன்னு சொல்றாரே அண்ணே... இவ்வளவு செஞ்சும் கொறையலியே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மல்லிகாவின் கணவர், அதாவது என் மச்சான், தெமோதரைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்ற ஓய்வை முழுதாக அனுபவித்தவரும்கூட. நம் வீடுகளில் வயசானவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்ன? "நீங்க உக்காருங்க, நான் எடுத்தாறேன்." டீ, பேப்பர், ரிமோட் எல்லாம் நாற்காலிக்கே வரும். வயிறு வளர்ந்தது, கால் மெலிந்தது. எடை மட்டும் மாறவே இல்லை — அதில் அவருக்குப் பெருமை வேறு!

ஒருநாள் வாசல்படி ஏறவே மூச்சு வாங்கியது. இதே டாக்டரிடம் அழைத்துப் போனாள் மல்லிகா.

"ஐயாவுக்குத் தசை சரியில்லை அம்மா. முதலிலை காலிலைதான் தெரியும். கவனிக்காட்டி இதயத்துக்கும் ஆபத்து. நடக்கவேணும், கொஞ்சம் பாரம் தூக்கவேணும்."

அவர் மசில் என்று சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை. பாவம், நல்ல தமிழ் பேசிவிட்டார். எங்கள் பேச்சில் உடம்பில் இருப்பது சதை. ஜாதகத்தில் இருப்பதுதான் தசை. அதிலும் காலைப் பிடிக்கிற தசை என்றால் யாருடையது? சனியுடையதேதான். அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் மல்லிகாவின் காதில் ஏறவில்லை.

நேரே தோட்டத்துப் பூசாரியிடம் போனாள். அவர் பரிகாரம் சொன்னார்: தினமும் மேட்டுக் கோயிலுக்கு நடந்தே வரவேண்டும். மலைத் தண்ணீர் விழும் பீலியில் பிடித்து, வாளியில் சுமந்து, நவக்கிரக மேடையைத் தன் கையாலேயே கழுவ வேண்டும். அப்புறம் சுற்ற வேண்டும்.

நடக்கச் சொன்ன டாக்டரிடமிருந்து த்ரீவீலரில் வீடு திரும்பிய மனிதர், சனி என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு மேடேறினார். கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கும் அவித்த கடலையையும் ஒருநாள் விடவில்லை. டாக்டர்கள் பேசாமல் வாசலில் ஒரு சனீஸ்வரன் படத்தை மாட்டிவைக்கலாம்.

நான் தமிழ் வாத்தியார். காலமெல்லாம் பிள்ளைகளின் சொற்பிழைக்குச் சிவப்பு மை ஊற்றியவன். நுனி நாக்கில் விளக்கம் வந்து நின்றது.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. மச்சான், மல்லிகாவின் பையையும் தூக்கிக்கொண்டு பஸ் படியில் விறுவிறு என்று ஏறிவிட்டார்.

"இவருக்கு ஒன்னுன்னா நான் என்ன செய்வேன் அண்ணே?" என்றாள். குரல் உடைந்திருந்தது. வந்த விளக்கத்தை விழுங்கிவிட்டேன்.

"அது நல்ல தசைம்மா. கூடக் கூட நல்லதுதான். கோயிலை மட்டும் விட்டுறாதீங்க" என்றேன். அதில் ஒரு பிழையும் இல்லையே?

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காலை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "ஒங்களுக்கும் தசை அவ்வளவு சரியில்ல போல இருக்கே அண்ணே."

இப்போது மேட்டுக் கோயிலில் எனக்கும் ஒரு வாளி இருக்கிறது.