எலும்பைத் தொட்ட கம்பி

சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பார்ப்பது என் தொழில். எங்களிடம் வலிக்கிறது என்று வருகிறவரைவிட, வலிக்கவே இல்லை என்று வருகிறவரைப் பார்த்தால்தான் பயம். வீட்டில் ஒரு சர்க்கரைக்காரரை வைத்திருக்கும் சக அவதிக்காரர்களுக்கு இது புரியும்.

வாசலில் விட்டது

மயிலாப்பூரில் என் கிளினிக் வாசலில் 'செருப்போடு உள்ளே வரவும்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். மரத்துப்போன கால் வெறுந்தரையில் படக்கூடாது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கஸ்தூரி, கட்டைவிரலடியில் இருபது நாள் புண்ணோடு வந்தவர், அதைப் படித்துவிட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"டாக்டர் கீற எடத்துக்கு செருப்போட வந்தா நல்லாவா இருக்கும்?"

சுத்தமான படம்

கையில் எக்ஸ்ரே வைத்திருந்தார். எலும்பில் ஒன்றுமில்லை என்று வேறிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் எலும்புக்குள் போன கிருமி படத்தில் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். முனை மழுங்கிய மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டேன். சதையைத் தாண்டி, கல்லில் பட்டதுபோல் நின்றது. எலும்பேதான்; கம்பி போன வழியில் கிருமியும் போயிருக்கும். எனக்குப் பகீர் என்றது. கஸ்தூரியோ நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"எனக்கே வலிக்கல, நீ ஏன் டாக்டரம்மா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற?"

தேனாம்பேட்டை பேரம்

ஸ்கேனில் கிருமி எலும்பைப் பிடித்திருந்தது உறுதியானது. தேனாம்பேட்டை சர்ஜன் நண்பர் விரலை எடுத்துவிடலாம் என்றார். கட்டைவிரல் போனால் ஈரத்தரையில் நின்று மீன் வெட்டுவது எப்படி என்று கஸ்தூரி அழுதார். எனக்கும் மனசு கேட்கவில்லை. ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, எலும்பில் துளி எடுத்துச் சோதித்து, அந்தக் கிருமிக்கு ஏற்ற மருந்தையே கொடுத்துப் பார்ப்போம் என்று சர்ஜனிடம் விடாமல் மல்லுக்கு நின்றேன்.

"சரி, ஆறு வாரம். அதுக்குள்ள அடங்கலைன்னா நீங்களே வந்து விரலை எடுக்கச் சொல்லுவீங்க."

கூட வந்தவர்கள்

ஆறு வாரமும் ஒரு வேளை மருந்தைக்கூட விடவில்லை கஸ்தூரி. காலுக்கு ஓய்வு வேண்டும் என்றதும் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். ஆறாவது வாரம் புண் மூடியிருந்தது. மூன்றாம் மாத ஸ்கேனைப் பார்த்த சர்ஜன், விரல் தப்பியது என்று ஒப்புக்கொண்டார். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்? மறுவாரம் கஸ்தூரி தன் வரிசையில் மீன் விற்கும் நாலு பெண்களைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். ஒருத்திக்கும் புண் இல்லை.

"இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா, அந்தக் கம்பிய வுட்டுப் பாத்துட்டு அனுப்பு."

நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் குனிந்து கிடக்கிற பிழைப்புதான், ஆனால் இந்த அளவுக்கு நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குப் போகவைக்கும் வேறு பிழைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.