உறை பிரிக்காத மூன்று கட்டில்கள்

ஞானப்பூ அக்கா இறந்த செய்தி எனக்கு லோடு விசாரணையோடு சேர்ந்து வந்தது. அன்று சேரன்மகாதேவியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் சபைச் செயலாளர் போனில் கூப்பிட்டார். "தங்கராசு, ஞானப்பூ அக்கா கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சிட்டாங்க. வண்டி சும்மாத்தான கெடக்கு? பந்தல் சாமானும் சேரும் ஏத்தணும்" என்றார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டிருக்கலாம். விடவில்லை. நானும் வழக்கம்போல "சரி அண்ணாச்சி" என்றேன். போனைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் முதலில் சொன்னது மண்டையில் ஏறியது. கையிலிருந்த தாரை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு தார் குறைகிறது என்று வியாபாரி பிறகு சண்டைக்கு வந்தார்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். இரண்டு தடவை படித்ததால் இரண்டு மடங்கு அறிவு என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இதில் உள்ள எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். "அப்பா, நினைவஞ்சலின்னா இவ்வளவு கோவமாவா எழுதுவாங்க?" என்று கேட்டாள். பிழையை மட்டும் திருத்து, கோபத்தை விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் லுத்தரன் சபை சின்னச் சபை. திருநெல்வேலி டவுணில் வழி கேட்டால் அல்வாக் கடையைச் சொல்லித்தான் எங்கள் ஆலயத்தைச் சொல்வார்கள். அந்தச் சபையில் அக்கா நடத்தியது ஆறுதல் குழு. அரசு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஆரம்பித்துவிட்டார். படுக்கையில் விழுந்தவர்கள் வீட்டுக்குக் கட்டில், தண்ணீர் மெத்தை, சக்கர நாற்காலி, நடக்கப் பிடிக்கும் கம்பி எல்லாம் இரவல் கொடுப்பது அதன் வேலை. எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று கேட்பது கிடையாது. ஏற்றி இறக்க என் லோடு ஆட்டோ. என்னை அந்தக் குழுவில் சேர்த்தது விசுவாசத்தைப் பார்த்தா, வண்டியைப் பார்த்தா என்று ஒரு தடவை கேட்டேன். "வண்டியப் பாத்துத்தாம்லே. விசுவாசம் உனக்கு வந்தா அது மிச்சம்" என்றார்.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குள் போனதும் ஜெபம் சொல்லக் கூடாது. முதலில் அடுக்களைக்குப் போய்க் கழுவாத பாத்திரம் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். "நோயாளி இருக்குத வீட்டுல பாத்திரம் குமிஞ்சுதான் கெடக்கும். அதக் கழுவாம கண்ண மூடுனா ஆண்டவருக்கு நாத்தம்தான் போவும்" என்பார். இன்னொரு வழக்கம், கட்டிலைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஆள் தவறிப்போனாலும் துக்கம் கேட்கத்தான் போக வேண்டும். வீட்டுக்காரர்களாகச் சொன்னால்தான் கட்டிலில் கை வைக்கலாம்.

இரண்டாவது வழக்கத்தை நான் ஒரு தடவை மீறினேன். ரத வீதியில் சங்கரலிங்கம் பிள்ளை என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் கட்டிலில் படுத்திருந்தார். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது அவர் வீட்டு வாசலில் பந்தல், வரிசையாக நாற்காலி, சங்குச் சத்தம். கட்டில் கேட்டு வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். புத்திசாலித்தனமாக வண்டியை ஓரம் கட்டி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போய், பிள்ளையின் மனைவியிடம், "ஆச்சி, ரொம்ப வருத்தம். கட்டில இப்பவே எடுத்துக்கிடட்டுமா?" என்றேன்.

"எந்தக் கட்டிலு?"

"சார் படுத்திருந்த கட்டிலு."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "யாருவே அது? எமனா? எமன்னா வண்டி எருமைல்லா, ஆட்டோச் சத்தம்லா கேக்கு."

செத்தது பக்கத்து வீட்டுக்காரர். நாற்காலிகள் இடம் போதாமல் இந்த வாசலுக்கும் வந்திருக்கின்றன. பிள்ளை என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். "கொஞ்சம் பொறும்வே. எனக்கும் அவசரம்தான். டாக்டருதான் விடமாட்டேங்கான்" என்றார்.

அக்காவிடம் விஷயம் போனது. சிரிப்பார் என்று நினைத்தேன். மறுநாள் என்னை அதே வீட்டுக்கு இழுத்துப்போய், சவரக் கத்தியையும் சோப்பையும் கையில் கொடுத்தார். "சாவக் கணக்குப் பண்ணிக்கிட்டுப் போனேல்லா? உக்காரு. பெரியவருக்குத் தாடி வழிச்சு விடு. இனிமே சனிக்கிழமைதோறும் நீதான்." பிள்ளை அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். நான் வெட்டிய வெட்டுகளைத் தாண்டியும் இருந்தார். அவர் போனபோது, பதினாறாம் நாள் கழிந்து ஆச்சியே ஆள் அனுப்பினார்: "அந்தச் சவரக்காரத் தம்பிய வரச் சொல்லுங்கோ, கட்டில எடுத்துக்கிடட்டும்."

தாமிரபரணியில் வெள்ளம் வந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்க வைத்திருந்தார்கள். எங்கள் சபை அரிசிப் பையோடு போனது. பையில் சபைப் பெயர், கமிட்டிப் பெயர். ஒவ்வொருவரும் பையை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்றார் செயலாளர். அக்கா அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி ஒரு அரிசி மூட்டைக்குள் சொருகிவிட்டார். "வாங்குதவ மூஞ்சி உமக்கு எதுக்குவே? வீட்டையும் தண்ணி கொண்டு போயிட்டு, மானத்தையும் நீரு கொண்டு போவணுமா?" பிறகு பெண்களோடு தரையில் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்டார். யாரும் அரிசி என்று சொல்லவில்லை. மாற்றிக்கட்ட உள்பாவாடை இல்லை என்று பைய ஒருத்தி சொன்னாள். உடனே என்னைத் துணிக்கடைக்கு விரட்டினார். கடையில் நான் மெதுவாகக் கேட்கிறேன், கடைக்காரர் கூட்டத்துக்கு நடுவே சத்தமாகக் கேட்கிறார்: "இம்புட்டுப் பாவாடையா? யாருக்குவே?" ஊருக்கு என்றேன். அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ஒரு மாதிரி சிரிக்கிறார்.

அக்காவுக்கு இன்னொன்றும் பிடிக்காது. புதுச் சாமானின் பாலித்தீன் உறையைப் பிரிக்காமல் வைப்பது. எந்த வீட்டில் அதைப் பார்த்தாலும் பல்லால் கடித்தாவது கிழித்துவிடுவார். "அழுக்காவதுக்குத்தாம்லே சாமானு இருக்கு. அழுக்காவாதது யாருக்கு ஒதவிச்சு?" என்பார்.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சபைக் குடும்பம் ஒன்று, கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தும் கட்டில்கள் மூன்றை வாங்கி அனுப்பியது. வந்து இறங்கிய அன்றே கமிட்டி கூடியது, நானும் அதில் ஒரு ஆள். பெரிய விருந்தாளி ஒருவரை அழைத்து, ரிப்பன் வெட்டி, பிரதிஷ்டை ஜெபம் செய்த பிறகுதான் வெளியே கொடுக்க வேண்டும் என்று தீர்மானம். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன். நோட்டீஸில் என் பெயரும் வரும் என்றார்கள். என் பெயர் இதற்கு முன் ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும்தான் அச்சில் வந்திருக்கிறது. கட்டில்கள் ஆலயத்துக்குப் பின்னால் போதகர் அங்கி மாட்டும் வெஸ்ட்ரி அறையில், உறையோடு, பூட்டுக்குள் போயின. விருந்தாளிக்குத் தேதி ஒத்துவரவில்லை. தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயதுக்கும் சர்க்கரைக்கும் அறுவைச் சிகிச்சை தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் வேண்டும் என்றார் டாக்டர். குழுவின் கட்டில்கள் எல்லாம் வெளியே இருந்தன. ஊருக்கே கட்டில் கொடுத்தவர், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய, நடுவில் குழி விழுந்த கயிற்றுக் கட்டிலில் கிடந்தார்.

ஒரு வீட்டில் கேட்டுக் கட்டிலை வாங்கி வருகிறேன் என்றேன். "அங்கன படுத்திருக்கவள எங்கலே போடுவ?" என்றார். வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். அதற்குத்தான் அந்த உடம்போடு எழுந்து உட்காரப் பார்த்தார்.

"சபையில மூணு புதுக் கட்டிலு பூட்டிக் கெடக்கு. வாடகைக்கா எடுக்கப் போற? பிரிச்சா அதப் பிரி. மாஞ்சோலையில இருந்து எறங்கி வந்த செல்லத்தாய்க்கு ஒண்ணு தாரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். மொதல்ல அவளுக்கு. பெறவு எனக்கு."

செல்லத்தாய் மாஞ்சோலை மலையில் தேயிலை பறித்தவள். எஸ்டேட்டை விட்டு எல்லோரும் இறங்கியபோது, கை கால் விளங்காத கணவரையும் கூட்டிக்கொண்டு, ஊர் ஓரத்தில் ஒரு வீட்டின் மாடிக்கு வாடகைக்கு வந்தவள்.

நான் செயலாளரிடம் போனேன். ஒரு கட்டிலையாவது பிரிக்கலாமே என்றேன். "பிரதிஷ்டை பண்ணாம எப்படிவே? விருந்தாளி வந்து நிக்கும்போது ரெண்டு கட்டிலு மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்? அதுவும் ஒண்ணு அழுக்காயிருக்குமே" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றேன்.

இந்த நினைவஞ்சலியில் யார் மேல் எனக்கு முதல் கோபம் என்று கேட்டால், அந்த "சரி அண்ணாச்சி" மேல்தான். கடப்பாரை என் வண்டியில்தான் கிடந்தது. பூட்டு ஒன்றும் பெரிய பூட்டு இல்லை. அக்காவிடம் போய், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொன்னேன். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அவர் என்னைத் திட்டாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதுகில் புண் வந்தது. கட்டில் இருந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாரா என்றால், இல்லை என்றுதான் டாக்டர் சொல்கிறார். புண் வந்திருக்காது, வலி இவ்வளவு இருந்திருக்காது என்பதையும் அவரேதான் சொன்னார். வாடகைக் கட்டிலுக்கு ஒத்துக்கொள்ளாத அக்கா மேலும் எனக்குக் கோபம் உண்டு. செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அக்கா சொல்லச் சொல்லியிருப்பார்.

அடக்க ஆராதனைக்கு ஆலயம் கொள்ளவில்லை. ரத வீதி ஆச்சியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் மைக்கைப் பிடித்தார். அக்காவின் தியாகத்தைப் பற்றிப் பேசினார். பேசி முடிக்கும்போது, "அந்த மூன்று கட்டில்களையும் அக்காவின் நினைவாகவே பிரதிஷ்டை செய்வோம், பளிங்குக் கல்லில் பெயர் பொறிப்போம், விருந்தாளி தேதி கொடுத்ததும் அறிவிப்போம்" என்றார். சபை ஆமென் என்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும் சேர் ஏற்ற வண்டியைப் பின்னால் விடச் சொன்னார் செயலாளர். விட்டேன், வெஸ்ட்ரி வாசலுக்கு. போதகர் ஐயாவிடம் சாவி கேட்டேன். மெல்லிய மனுஷர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கராசு, ஒரு ஜெபம் பண்ணிட்டு எடுத்துட்டுப் போவோமா?" என்றார்.

"வழியில பண்ணிக்கிடலாம்யா. நீங்களும் ஏறுங்க."

செயலாளர் ஓடிவந்தார். "ஏலே, கமிட்டித் தீர்மானம் இருக்கு. நீயும்தான கை தூக்குன?"

"தூக்குனேன் அண்ணாச்சி. இப்ப எறக்கிட்டேன்."

இறக்கிய கையால் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையைக் குழுப் பெண்கள் பிடித்தார்கள். அழுது வீங்கிய முகங்கள், ஒன்றிலும் சிரிப்பில்லை. செயலாளர் வழியில்தான் நின்றார். கட்டில் கனமான சாமான். நகராதவர்கள் காலில் படும் என்று சொன்னேன். நகர்ந்தார்.

செல்லத்தாய் வீட்டு மாடிப்படி குறுகல். கட்டிலைச் சரித்து, தூக்கி, சுவரில் இரண்டு இடத்தில் காரையைப் பெயர்த்து மேலே கொண்டுபோனோம். போதகர் ஐயா நேராக அடுக்களைக்குப் போய், அங்கியின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவ உட்கார்ந்தார். செல்லத்தாய் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். நான் உறையில் கை வைத்ததும் தடுத்தாள்.

"உறை இருக்கட்டும் அண்ணாச்சி. திருப்பித் தரும்போது புதுசா இருக்குமுல்லா."

குனிந்து பாலித்தீனைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். என் பல்வரிசையில் முன்னால் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அது அன்றைக்கே விழுந்துவிட்டது. அவள் கணவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்து, கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தினோம். அவருக்கு ஜன்னல் தெரிந்தது. தூரத்தில் மலை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற இரண்டு கட்டில்களும் அந்த வாரத்திலேயே வெளியே போய்விட்டன. விருந்தாளி வரும்போது காட்டக் கட்டில் இல்லை. வந்தால் என் வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் காட்டுகிறேன், ஒவ்வொரு அடுக்களையிலும் வேலை இருக்கிறது. கமிட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். நல்ல பெயர், சும்மா நோட்டீஸில் கிடந்து வீணாகப் போகவேண்டாம்.

அக்காவின் கண்ணாடியைச் சபை வைத்துக்கொண்டது. ஞானப்பாட்டுப் புத்தகத்தை ஒரு குழுப் பெண் வாங்கிக்கொண்டாள். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அக்காவின் கோபம் என்னிடம் வந்துவிட்டது. இனி அதை உறை போட்டு வைக்கமாட்டேன்.