மலைக்கு முதுகு காட்டி நின்றவன்

ஒரு துப்பாக்கியின் போல்ட்டு காணாமல் போனது. அதனால் நான் ஜெயிலுக்கும் என் மனைவி நடுத்தெருவுக்கும் போக இருந்தோம். முருகன் அதை எப்படித் தடுத்தான் என்பதை வெள்ளிக்கிழமை பஜனையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அழுகை வந்து பாதியில் நிறுத்திவிடுகிறேன். எழுதினால் அழுகை மறிக்காது என்று பஜனைக்காரர்கள் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வேலை இருந்தவன் ராஜா. எனக்கு ஒன்றுக்கு இரண்டு வேலை. கோலாலம்பூரில் போலீஸ்காரன். அதோடு பகுதிநேரப் பட்டாளமான வாலண்டியர் படையிலும் சேர்ந்திருந்தேன். வாரத்தில் சில சாயங்காலம் கவாத்து, வருஷத்துக்கு ஒருமுறை முகாம். பூட்ஸ் மேலே பூட்ஸ், காக்கி மேலே காக்கி. பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன்.

என் மனைவி தங்கம் அப்போதே சொன்னாள். "ரெண்டு வேலைக்காரனும் ரெண்டு பொண்டாட்டிக்காரனும் ஒண்ணுங்க. ரெண்டு பக்கமும் பேச்சு வாங்கணும்." நான் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னபடிதான் நடந்தது. கவாத்துக்குப் போனால் போலீஸ் சார்ஜன் முறைப்பார். போலீஸ் டூட்டியால் கவாத்து தவறினால் வாலண்டியர் கேப்டன் துரை முறைப்பார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாட்கள் ஓடின.

அந்த வருஷம் முகாம் கிள்ளானில், மேரு ரோட்டுப் பக்கம் ஒரு திடலில் நடந்தது. தைப்பூசம் நெருங்கிவிட்டது. முகாம் முழுக்க மழை. கடைசி நாள் காவலும் என் தலையில் விழுந்தது. காவல் முடிந்து வந்தபோது கண் திறக்க முடியவில்லை. மழைக்காகத் துப்பாக்கிகளுக்கெல்லாம் உறை போட்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள். நானும் போட்டேன், படுத்தேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

மறுநாள் லோரியில் எல்லோரும் கோலாலம்பூர் திரும்பினோம். எனக்குச் சாயங்காலமே போலீஸ் டூட்டி. ஆயுதக் கிடங்குவரை போய்த் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வந்தால் நேரமாகிவிடும். பங்சார் தோட்டத்தைத் தாண்டியதும் பக்கத்தில் இருந்த செல்லையாவிடம் என் துப்பாக்கியை உறையோடு கொடுத்தேன். செல்லையா ரயில்வே ஆபீஸ் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். சேர்த்து ஒப்படைத்துவிடுகிறேன் என்றார். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் குதித்து இறங்கி ஓடினேன்.

இரண்டொரு நாளில் ஆயுதக் கிடங்கில் உறைகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். என் துப்பாக்கியில் போல்ட்டு இல்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போல்ட்டு என்பது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற இரும்புத் தண்டு. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் உலக்கை. அதைத் தொலைத்தால் கவனக்குறைவு என்று விடமாட்டார்கள். யாருக்கோ விற்றுவிட்டான் என்பார்கள். அதுவும் தொலைத்தவன் போலீஸ்காரன் என்றால் கேட்கவே வேண்டாம்.

கேப்டன் துரை கூப்பிட்டு விசாரித்தார். போல்ட்டு துப்பாக்கியில்தான் இருந்தது என்று சத்தியம் செய்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். அப்படியானால் செல்லையா எடுத்தாரா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பிவிடலாம் என்று அவர் குரலிலேயே தெரிந்தது. எனக்குத் தெரியாது துரை என்றேன். செல்லையாவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீர் தந்ததை நான் அப்படியே குடுத்தனான். உறையைத் தொடவும் இல்லை. எனக்கு நாலு பிள்ளையள், தம்பி."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அவர் வேலையும் என் வேலையோடு சேர்ந்து ஊசலாடியது.

விஷயம் போலீஸுக்கும் போனது. வாலண்டியரில் குற்றம் என்று முடிவானால் இங்கே சட்டையைக் கழற்ற வேண்டியதுதான், குவாட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் துரை சொல்லிவிட்டார். இரண்டு இடத்திலும் எனக்காக ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. வாலண்டியர் ஆள்தானே, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று போலீஸில் சொன்னார்கள். போலீஸ் ஆள்தானே என்று வாலண்டியரில் சொன்னார்கள். தைப்பூசத்துக்கு மறுநாள் காலை விசாரணை என்று வைத்தார்கள்.

தேடாத இடம் இல்லை. டூட்டி இல்லாத நேரத்தில் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், அந்தத் திடலில் சேற்றைக் கையால் அளைந்து பார்த்தேன். லோரியைத் தேடிப் பிடித்துப் பலகைக்கு அடியில் பார்த்தேன். முகாமுக்குக் கொண்டுபோன பையை உதறினேன். பை காலி. உள்ளே இருந்ததெல்லாம் ஈரத்துணி, அன்றைக்கே அப்படியே டோபிக்குக் கட்டிப் போட்டுவிட்டேன் என்றாள் தங்கம். போல்ட்டு துப்பாக்கியில்தான் இருந்தது என்று பிடிவாதமாக நம்புகிறவனுக்குத் துணி மூட்டை எங்கே ஞாபகம் வரும்?

அந்தத் துணியை நினைத்தபோது கோபம்தான் வந்தது. எங்கள் டோபி முனியாண்டி பிரிக்ஃபீல்ட்ஸ் ஆற்றோரம் இருந்தார். போலீஸ் துணியைக் குவாட்டர்ஸ் லைன் டோபி பார்த்துக்கொள்வார். வாலண்டியர் துணி முனியாண்டிக்குப் போகும். அவர் அந்த வருஷம் காவடிக்கு விரதம். கடைசி நாட்களில் ஊரார் அழுக்கைக் கையால் தொடக்கூடாது என்று வேலையையே நிறுத்திவிட்டார். விசாரணைக்குப் போட்டுப் போக அந்தச் சட்டை வேண்டும் என்று தங்கத்தை அனுப்பினேன். துணி இன்னும் துவைக்கவில்லையாம், விரதம் முடியும்வரை மூட்டையை எடுத்துத் தரவும் மாட்டார்களாம் என்று வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு என்ன விரதம் வேண்டிக்கிடக்கிறது என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். முருகன் என் வாயைப் பொறுத்துக்கொண்டான்.

தங்கத்துக்கு அப்போது ஆறாம் மாதம். பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கில் போட ஆரம்பித்தாள். ஏன் இப்போதே என்று கேட்டேன். "அவங்க வந்து வெளியே வீசறதுக்கு முன்னாடி நாமளே எடுத்து வச்சிட்டா மானம் மிஞ்சும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கப்பலில் ஏறிப் போகிற மாதிரியும் நான் கம்பிக்குள் நிற்கிற மாதிரியும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் வேண்டுதலே வரவில்லை. ஆண்டவன்கூட இரண்டு துரைமாரைப் போல, அடுத்தவனைக் கேள் என்று சொல்லிவிடுவான் என்று தோன்றியது. நம்பிக்கை அந்த அளவுக்கு வற்றிப்போயிருந்தது.

தைப்பூசம் வந்தது. எனக்கு வழக்கம்போல் முருகன் குகைக்கோவில் இருக்கும் பத்துமலையில் டூட்டி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நான் போலீஸில் சேர்ந்த நாள் முதல் ஒரு தைப்பூசம் தவறாமல் பத்துமலைக்குப் போயிருக்கிறேன். ஒருமுறைகூட மலையேறியதில்லை. கூட்டத்தைப் பார்த்து நிற்பதுதான் எங்கள் வேலை. கூட்டம் மலையைப் பார்த்து வரும். ஆகவே நாங்கள் மலைக்கு முதுகைக் காட்டி நிற்போம். திரும்பினால் சார்ஜன் சத்தம் போடுவார். காவடிகள் தோளை உரசிக்கொண்டு போகும். விபூதி என் தொப்பியில் விழும். அரோகரா சத்தம் காதைப் பிளக்கும். சாமி மட்டும் எனக்குப் பின்னால் இருப்பான்.

அன்றைக்கு வெயில் சுட்டது. கூட்டத்தை ஒதுக்கும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தச் சட்டை நாளைக்கு என் உடம்பில் இருக்காது என்ற நினைப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை. அப்போதுதான் வாய்விட்டு வேண்டினேன். கூட்டத்துச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

"முருகா, திரும்பிப் பாக்கக்கூட எனக்கு உத்தரவு இல்லப்பா. நீயாவது என் முதுகப் பாரு."

உடனே மின்னல் ஒன்றும் வெட்டவில்லை. மனசு லேசாகவும் இல்லை. பழையபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் முனியாண்டி காவடியோடு வந்தார். யாரையும் அடையாளம் தெரியாத நிலையில் இருந்தார். நான் கூட்டத்தை ஒதுக்கி வழிவிட்டேன். பின்னால் அவர் மனைவி லெட்சுமி பால்குடத்தோடு வந்தாள். கூட்டம் முட்டி நின்றதில் எனக்கு முன்னாலேயே கொஞ்சம் நிற்க வேண்டிவந்தது. என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒங்க மூட்டைய இன்னும் பிரிக்கவே இல்ல. ஈரம் காயட்டும்னு கையால தொடாம கோலால தூக்கிக் கொடியில மாட்டினேன். காஞ்ச பெறகும் கயிறு தாழ்ந்தே கெடக்கு. உள்ள இரும்பு கிரும்பு வச்சிட்டீங்களா?"

கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கணத்தில்தான், என் கைக்குத் தெரிந்திருந்தது என் புத்திக்கும் தெரிந்தது.

போலீஸில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காவல் முடிந்தால் துப்பாக்கியைச் சங்கிலியில் மாட்டிவிட்டுப் போல்ட்டை மட்டும் கழற்றுவோம். அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, காலில் கட்டும் காக்கிப் பட்டைக்குள் வைத்து உருட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்போம். யாராவது துப்பாக்கியைத் திருடினாலும் சுட முடியாது. வாலண்டியரில் அப்படி இல்லை, போல்ட்டு துப்பாக்கியோடுதான் இருக்க வேண்டும். கிள்ளானில் காவல் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்தபோது, நான் எந்தப் படையில் இருக்கிறேன் என்பதே என் கைக்குத் தெரியவில்லை. அது போலீஸ் வேலையைச் செய்துவிட்டது. காலையில் மாற்றுப் பட்டையைக் கட்டிக்கொண்டு, உருட்டி வைத்ததைப் பையில் திணித்திருக்கிறேன்.

ஆனாலும் முழுசாக நம்ப முடியவில்லை. பூட்ஸ் பாலிஷ் டப்பாவாக இருந்தால்? அதற்குள் யாராவது மூட்டையைப் பிரித்துவிட்டால்? டூட்டியை விட்டுப் போகவும் முடியாது. மாற்று ஆள் வரும்வரை அப்படியே நின்றேன். அதுபோல ஒரு நிற்பு என் ஜென்மத்தில் நின்றதில்லை.

பிறகு ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து முனியாண்டி வீட்டு வாசலில் காத்திருந்தேன். அவர்கள் வந்ததும் மூட்டையைக் கேட்டேன். முனியாண்டி களைத்துப்போயிருந்தார், ஆனாலும் மறுத்துவிட்டார். விளக்கேற்றி, கும்பிட்டு, விரதம் முடித்த பிறகுதான் அழுக்குத் துணியைத் தொடுவேன் என்றார். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். இத்தனை நாள் என்னைக் காத்த விரதத்தை நானே கெடுப்பதா? விளக்கேற்றினார். திருநீறு கொடுத்தார். கொடியிலிருந்து மூட்டையை இறக்கி என் முன்னால் வைத்தார்.

பட்டையை உருட்ட உருட்ட விரிந்தது. கடைசிச் சுற்றில் எண்ணெய்த் துணி. அதற்குள் போல்ட்டு. என் துப்பாக்கியின் அதே நம்பர். நான் அந்த மண் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். விஷயம் தெரியாத முனியாண்டி, துணி கெட்டுப்போய்விட்டதாக்கும் என்று பயந்து, புதுசு வாங்கித் தருகிறேன் அண்ணே என்றார்.

அவர் வழக்கம்போல் துவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றங்கரையில் பட்டையை உதறியிருப்பார். போல்ட்டு ஆற்றோடு போயிருக்கும். அல்லது போலீஸ் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று யாராவது பயந்து வீசியிருப்பார்கள். நான் திட்டித் தீர்த்த அந்த விரதம்தான் என் மூட்டையைக் கட்டுப் பிரியாமல் காத்தது.

மறுநாள் விசாரணையில் எண்ணெய்த் துணியோடு அப்படியே மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். கேப்டன் துரை போல்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு மழைக்கும் ஈரத்துக்கும் ஒரு பொட்டுத் துரு இல்லை. விற்க நினைப்பவன் இத்தனை அக்கறையாக எண்ணெய் போட்டு வைக்கமாட்டான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். துப்பாக்கியை அடுத்தவர் கையில் கொடுத்ததற்கு மட்டும் தண்டனைக் கவாத்து கொடுத்தார். எனக்கு அது பிரசாதம் மாதிரி இருந்தது. செல்லையா வெளியே காத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் தங்கம் சாக்கைப் பிரித்துப் பாத்திரங்களை வெளியே எடுத்தாள். அப்போதுதான் அழுதாள்.

அடுத்த தைப்பூசத்துக்குள் எங்களுக்கு மகன் பிறந்துவிட்டான். கந்தசாமி என்று பெயர் வைத்தோம். இரண்டு வேலையையும் இன்றுவரை விடவில்லை. வள்ளியையும் தெய்வானையையும் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு என் கஷ்டம் தெரியாமலா போகும் என்று இப்போது தங்கமே கேலி செய்கிறாள். ஆனால் தை பிறந்தால் எங்கள் வீட்டு அழுக்கை நாங்களே துவைத்துக்கொள்கிறோம். முனியாண்டிக்கு அனுப்புவதில்லை. யாருடைய விரதத்தையும் நான் பழிப்பதில்லை. யாருடைய விரதத்தில் யாருடைய உயிர் தொங்குகிறது என்று நமக்கென்ன தெரியும்?

அடியார்களே, உங்களில் பலருக்குக் கோவிலுக்குப் போக நேரமில்லை. தோட்டத்தில் மணி அடித்தால் ஓட வேண்டும், ரயில்வேயில் சங்கு ஊதினால் ஓட வேண்டும். அதை நினைத்துக் குன்றிப்போகாதீர்கள். இந்தத் தைப்பூசத்துக்கும் நான் பத்துமலையில் அதே இடத்தில்தான் நிற்பேன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நீங்கள் மேலே ஏறும்போது எனக்காகவும் ஒரு கும்பிடு போடுங்கள். நின்ற இடத்திலிருந்தே அவனைக் கூப்பிட்டுப் பாருங்கள். நாம் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அவன் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.