பதினோராம் ஆண்டின் அழுக்கு

“சாதனா, டவர் இப்பத்தான் கிடைச்சிச்சு. கப்பல் துறைமுகத்துக்கு வெளிய நிக்கி. ஒண்ணு சொல்லணும். நான் துடைச்சிட்டேன்.”

“என்னத்தை அக்கா?”

“கண்ணாடியைத்தான்.”

நுஸ்ரத் அக்கா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். “துடைச்சவா கையை வெட்டுவேன்னு நீங்கதானே சொல்வேள்?”

“அதான் பிள்ள, எந்தக் கையை வெட்டன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

என் சிரிப்பு நின்றது. “யாராவது பார்த்தாளா?”

“ஒருத்தரும் பாக்கல. அதனாலதான் உனக்குப் போன் போடுதேன்.”

“மத்த வருஷத்துச் சராசரியை வெச்சுக் கணக்குப் பண்ணிடலாமே?”

“அரே, போன வருசம் வந்த பறவையும் இந்த வருசம் வந்த பறவையும் ஒரே அளவாவா எச்சம் போடும்? வை, நேர்ல வந்து பேசுதேன்.”

அரபிக்கடல் நடுவே மிதவைகளை நிறுத்துவது நுஸ்ரத் அக்காவின் வேலை. நவி மும்பை நெருளில் உள்ள எங்கள் ஆய்வு நிலையத்தின் களப் பணி முழுவதும் அவர் பொறுப்பு. கப்பல் பிடிப்பது, கயிற்றைச் சோதிப்பது, மிதவையில் படகைக் கட்டாதீர்கள் என்று மீனவர் சங்கங்களிடம் கெஞ்சுவது எல்லாம் அவர்தான். மிதவைகள் அனுப்பும் எண்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மணிக்கொரு முறை செயற்கைக்கோள் வழியாக என் கணினிக்கு ஒரு வரி வரும்: காற்று, வெப்பம், உப்பு, வெயில். ஆண்டுக்கணக்கில் சேரும் அந்த வரிகளைக் கொண்டுதான் கடல் எவ்வளவு சூடாகிறது, மழைக்காலம் எப்படி மாறுகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

ஒருமுறை அவருடன் கப்பலில் போனேன். அந்த இடத்தில் ஆழம் மூன்றரை கிலோமீட்டர். “தாராவில இருந்து குர்லாவுக்குப் போற தூரத்தை நட்டமா நிறுத்துனா எப்படி இருக்கும்? அதான் இது” என்றார். முதலில் மிதவையை இறக்கினார்கள். கயிற்றைக் கிலோமீட்டர் கணக்கில் விட்டுக்கொண்டே கப்பல் விலகிப் போனது. கடைசியில் நங்கூரத்தைத் தள்ளினார்கள். தொலைவில் சும்மா கிடந்த மஞ்சள் மிதவை கடல்மீது ஓடத் தொடங்கியது. எங்களுக்குக் கீழே, வெளிச்சம் போகாத ஆழத்தில் விழுந்துகொண்டே இருந்த நங்கூரம் அதை இழுத்தது. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. சட்டென்று நின்றது.

“தரையைத் தொட்டிருச்சு” என்றார் அக்கா. எத்தனையோ முறை பார்த்தவர். ஆனாலும் அவர் முன்கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

அவர் வீடு தாராவியில், தோல்பைப் பட்டறைக்கு மேலே. அவருடைய வாப்பா தொடங்கிய பட்டறையை இப்போது தம்பி ஷாகிர் நடத்துகிறார். கைரேகை படிந்த பை அந்தப் பட்டறையை விட்டு வெளியே போகாது. டிப்ளமோ முடிக்கும்வரை ஒவ்வொரு பையையும் துடைத்துப் பெட்டியில் வைத்தவர் அக்காதான். “வருசா வருசம் கடல்ல என்னத்தையோ நட்டுட்டு வாரா, ஒண்ணும் முளைக்கக் காணோம்” என்பார் உம்மா ஷரீஃபுன்னிசா.

மிதவையின் உச்சியில், வெயிலை அளக்கும் கருவிக்கு மேல், பாதி எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கண்ணாடி மூடி இருக்கும். ஒரு வருஷத்து உப்பும் பறவை எச்சமும் அதை மங்கலாக்கும். அழுக்கு எவ்வளவு வெயிலை மறைத்தது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து, அந்த வருஷத்து எண்களைத் திருத்துவோம். அதனால் வருஷா வருஷம் கழற்றும் கருவியை அழுக்கோடுதான் கொண்டுவர வேண்டும். “ஹாத் மத் லகாவ்! கை வைக்காதே!” என்று மாலுமிகளிடம் தொண்டை வறளக் கத்துவார் அக்கா. இந்த முறை அவரே கருவியைக் கையில் வாங்கினார். பெட்டிக்குள் வைக்குமுன் துப்பட்டா முனையால் அழுத்தி ஒரு துடை துடைத்துவிட்டார். கண்ணாடி பளிச்சென்று ஆன பிறகுதான் உணர்ந்தார்.

சொல்லாமல் விட்டிருந்தால் கண்ணாடி சுத்தம் என்று ஆய்வுக்கூடம் எழுதியிருக்கும். அழுக்கால் குறைந்த எண்கள் திருத்தப்படாமல் நின்று, அரபிக்கடல்மீது வெயில் மங்குகிறது என்ற பொய் கணக்கில் ஏறியிருக்கும். சொன்னாலோ, பத்து வருஷமாக அறுபடாமல் அவர் காத்துவந்த அந்த மிதவையின் வெயில் கணக்கில் பதினோராவது வருஷம் ஓட்டை விழுந்துவிடும்.

மறுநாள் இயக்குநர் பத்ரிநாராயணனிடம் போய்ச் சொன்னார். நானும் அறையில் இருந்தேன்.

“கருவிக் கோளாறுன்னு போட்டுடலாமே நுஸ்ரத். யார் கேக்கப் போறா?”

“கருவி ஒண்ணும் பண்ணல சார்.”

“அடுத்த வருஷம் கப்பலை உங்க கையில குடுக்க மாட்டா. யோசிச்சுக்கோங்கோ.”

“யோசிச்சிட்டேன் சார்.”

அப்படியே ஆயிற்று. அடுத்த வருஷக் கப்பல் வேறொருவர் பொறுப்பில் போனது. அதற்கும் கயிற்றைச் சோதித்துக் கொடுத்தவர் அக்காதான்.

அன்று இயக்குநர் அறையிலிருந்து என்னோடு வந்து, அக்கா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கணினியில் அந்த வருஷத்துக்குக் குறிப்பு எழுதும் கட்டத்தைத் திறந்து வைத்துவிட்டு, என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். அவர் திரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்:

“அந்த வருசத்தைக் காலியாவே விடு, பிள்ள. ஆனா ஏன் காலின்னு எழுது. அம்பது வருசம் கழிச்சு எவளாவது இதைத் தொறந்து பாப்பா. சூரியனுக்கு என்னமோ ஆச்சுன்னு அவ பயந்திரக் கூடாது. நுஸ்ரத் துடைச்சிட்டாள்னு எழுது.”