கன்னியம்மா கேட்ட ஒரு வரி

எங்கள் தெருத் தபால்காரர் தினமும் ‘போரே தா’ என்றுதான் காலை வணக்கம் சொல்கிறார். வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போகிறேன் என்று கடலூர் முழுக்கப் பீற்றிக்கொண்டு வந்த எனக்கு, இந்த வேல்ஸில் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி உயிரோடு இருப்பது கப்பலை விட்டு இறங்கும்வரை தெரியாது. இப்போது, இந்த அறுபத்தேழில், அந்த வெல்ஷ் மொழிக்குச் சட்டமே வந்துவிட்டது. கோர்ட்டில் பேசலாம், அரசாங்கப் படிவங்களை அதிலும் அச்சடிக்கலாம். படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அறுபத்தைந்தில் சிதம்பரம் கீழவீதியில் தமிழுக்காகக் கத்தித் தொண்டை கட்டியவன் நான். “நாளைக்கு எப்படிப் பாடம் எடுப்ப மச்சான்?” என்று கூட வந்த ஆசிரியர் ரஹீம் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

போன வாரம் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனேன். அலுவலகப் பெண்மணி பக்கத்து மேஜைக்காரரிடம் வெல்ஷில் பேசியபடியே படிவத்தை நிரப்பினார். வீட்டு மொழி என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே ‘இந்தி’ என்று எழுதினார்.

“தமிழ்” என்றேன்.

“அதுவும் இந்தி மாதிரிதானே?” என்றார், அன்பாகத்தான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் இதே பேச்சை நானும் ஒருத்தியிடம் பேசியிருக்கிறேன்.

அறுபத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு, சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையில் வாத்தியாராக இருந்த என் தலையிலும் விழுந்தது. ஆளுக்கொரு சீட்டு எழுத வேண்டும். வேலையைச் சுருக்க, முந்தின நாளே பள்ளியில் உட்கார்ந்து எல்லாச் சீட்டிலும் தாய்மொழிக் கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதி வைத்துக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. மறுநாள் உப்பங்கழியோரத்து இருளர் குடிசைகளுக்குப் போனபோது, கன்னியம்மா கையால் தடவிப் பிடித்த இறாலைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை அவர் அதட்டியதில் பாதி எனக்குப் புரியவில்லை.

“வாத்தியாரே, எங்க வூட்டுப் பேச்சு வேற. அதயும் ஒரு வரி எழுதிக்குங்களேன். கவர்மெண்டுக்குத் தெரியட்டும்.”

“அதுவும் தமிழ் மாதிரிதாம்மா. வெயிலு ஜாஸ்தியா இருக்கு, அடுத்த ஆளு பேரச் சொல்லு.”

சொன்னார். கிளம்பும்போது ஒரு பிடி இறாலை இலையில் கட்டியும் கொடுத்தார். அந்த ருசிக்கும், கழியின் சேற்று வாடைக்கும் இங்கே ஏங்கித் தவிக்கிறேன். ஆனால் ஏக்கம் வரும்போதெல்லாம் அந்தச் சீட்டும் கூடவே வந்துவிடுகிறது.

என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, பள்ளிப் பெண்மணி புதுப் படிவம் ஒன்றை நீட்டி, “நீங்களே எழுதுங்கள்” என்றார். எழுதினேன்.

இங்கே என் மகளின் தாளில் ‘தமிழ்’ இருக்கிறது. அங்கே ஏதோ ஓர் அரசாங்க அலமாரியில் கன்னியம்மாவின் சீட்டிலும் ‘தமிழ்’ இருக்கிறது. இரண்டும் என் கையெழுத்து.