பூரணம் டீச்சரின் கம்பளிக் கோட்டு

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சீமைக்குப் படிக்கப் போன எங்கள் தெருப் பிள்ளைகளெல்லாம் ஒரே கோட்டுக்குள்தான் போனார்கள். அது பூரணம் டீச்சருடையது. அவருடைய அப்பா வல்லிபுரம் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தபோது, ஊர் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கனத்த சாம்பல்நிறக் கம்பளி. வல்லிபுரம் அதை ஒரே ஒரு முறை, படம் பிடிக்கப் போட்டார். படம் எடுத்து முடிந்ததும் புழுக்கத்தில் மயங்கி விழுந்தார். ஜப்பான்காரன் காலத்தில் அதில் அரிசியைச் சுற்றி மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். தோண்டி எடுத்தபோது அரிசி மாவாகியிருந்தது. கோட்டில் ஒரு நூல் பிரியவில்லை. அதைக் கடித்த அந்துப்பூச்சிக்குப் பல் போய்விட்டதாம். இல்லையென்று சொல்ல அந்தப் பூச்சி திரும்பி வரவில்லை.

போகிறவர் போட்டுக்கொண்டு போவார், திரும்புகிறவர் கொண்டுவந்து கொடுப்பார். அதுதான் ஏற்பாடு. டீச்சர் மட்டும் அதைப் போட்டதேயில்லை. ஆள் அவ்வளவு குள்ளம். போட்டால் கை மறையும், ஓரம் தரையைப் பெருக்கும்.

எழுபத்தெட்டாம் வருஷம், ஜனவரியில், அவருக்கே பயணம் வாய்த்தது. சீமையில், லீட்ஸ் நகரத்தில் இருந்த தங்கை டிக்கெட் அனுப்பியிருந்தாள். தரையைப் பெருக்கினாலும் சரி, அப்பாவின் கோட்டோடுதான் விமானம் ஏறுவது என்று டீச்சர் தீர்மானித்திருந்தார். கோட்டு அப்போது பக்கத்து வீட்டு நேசம்மாவின் மகன் யோகநாதனிடம் இருந்தது. அவன் படிப்பை முடித்துவிட்டு அந்த வாரம்தான் வந்து இறங்கினான். கோட்டு மட்டும் டீச்சர் வீட்டுக்கு வரவில்லை. பயணத்தன்று காலை அவர் வேலியோரம் போய் நின்றார்.

"நேசம்மா, கோட்டு எங்க?"

"காயுது அக்கா."

"காயுதோ? ஏன் நனைஞ்சது?"

"இவன் அங்க தன்ர வாத்தியாற்ற செத்தவீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். துடக்குப் பட்டதை உங்களிட்ட எப்பிடித் தாறது? மஞ்சள் தண்ணியில நல்லாக் கொதிக்க வச்சு எடுத்தனான்."

"கம்பளியைக் கொதிக்க வச்சனீயோ!"

"கிருமியும் போயிருக்கும்லா."

டீச்சர் வேலியைச் சுற்றிக்கொண்டு கொடியடிக்குப் போனார். ஆறடி ஆளின் கோட்டு பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டைபோலச் சுருங்கி, கடுகு நிறத்தில் கிடந்தது. சாயங்காலம் சுபாங் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

"என்ர அப்பான்ர கோட்டடி! பார், என்ன செய்து வச்சிருக்கிறாய் எண்டு பார்!" நேசம்மாவுக்குக் காட்டவே அதைப் பிடுங்கிக் கையை நுழைத்தார். கை, மணிக்கட்டில் வெளியே வந்தது. ஓரம் முழங்காலோடு நின்றது. பொத்தான்கள் தாமாகவே போய்ச் சேர்ந்தன.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு அக்கா."

"நீ வாயை மூடு."

ஆனால் அவர் அதைக் கழற்றவில்லை. அந்த வெயிலில், பொத்தான் போட்டபடியே சுபாங்குக்குப் போனார்.

கொதித்து இறுகிய கம்பளிக்குள் லீட்ஸின் காற்றும் நுழையவில்லை, மழையும் நுழையவில்லை. நனைந்தால் கொஞ்சம் ரச வாசம் அடித்தது, அவ்வளவுதான்.

அவர் திரும்பி வந்த மாதமே எங்கள் தெரு விநாயகமூர்த்தி, சீமைக்குப் படிக்கப் போகவிருந்த தன் நெட்டை மகனைக் கூட்டிக்கொண்டு கோட்டைக் கேட்டு வந்தார். டீச்சர் மறுக்கவில்லை, எடுத்துக் கொடுத்தார். பையனின் கை முழங்கையோடு சிக்கிக்கொண்டது.

"உனக்குப் பத்தாது போல இருக்கே, தம்பி," என்றார் டீச்சர் மிகுந்த கவலையோடு. அவர்கள் படியிறங்கியதும் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கோட்டை அலமாரியில் மாட்டிப் பூட்டினார்.